வேண்டாம் என்று சொல்லாத அசில்கான்

தாஷ்-கோமூர் என்ற பழைய சுரங்க நகரத்தில், நாரின் ஆற்றைப் பார்த்து நிற்கும் ஒன்பதாம் எண் கட்டடத்தில், யாருக்கு எது வேண்டாமல் போனாலும் அது கடைசியில் மூன்றாம் மாடிக்குத்தான் போய்ச் சேரும். ரஷ்யாவுக்கு வேலை தேடிப் போகிறவர்கள், பிஷ்கெக்கில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விடுகிறவர்கள், புதுச் சாமான் வாங்கியவர்கள், செத்தவர் அறையைக் காலி செய்கிறவர்கள், யாராக இருந்தாலும் "அசில்கான் வாங்கிக்குவா" என்று சொல்லிக்கொண்டே படியேறுவார்கள். அசில்கானும் வாங்கிக்கொள்வாள். வேண்டாம் என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

இருப்பதோ இரண்டே அறை. அதற்குள் ஏழு இஸ்திரிப் பெட்டிகள் இருந்தன, சூடாவது மூன்று. மூடியில்லாத சட்டிகள் பதினொன்று, சட்டியில்லாத மூடிகள் ஐந்து, ஒன்றுக்கொன்று பொருந்தாது. பனியில் சறுக்கும் கட்டைகள் ஒரு ஜோடி. வீட்டில் யாருக்கும் சறுக்கத் தெரியாது. குழந்தை வண்டி ஒன்று, அதற்குள் பழைய திரைச்சீலைகள், அதற்கு மேல் ஒரு பூகோள உருண்டை. இல்லாமல் போன தேசம் ஒன்று அதில் இன்னும் அகலமாகச் சிவந்து கிடந்தது. நடைவழியில் பக்கவாட்டாகத்தான் நடக்க வேண்டும். பால்கனிக் கதவு திறந்து இரண்டு வருஷமாகியிருந்தது. திறந்தால் அந்தப் பக்கம் அடுக்கியிருப்பதெல்லாம் சரிந்து தலையில் விழும்.

"நான் ஒருநாள் இந்த வீட்டுக்குள்ளயே தொலைஞ்சு போயிடுவேன்" என்பான் அவள் கணவன் அனார்பாய். பேருந்துப் பணிமனையில் பற்றவைப்பு வேலை அவனுக்கு. "நீ தேட வேண்டாம். என்னைக்காவது கத்தரிக்கோலைத் தேடும்போது கெடைப்பேன்."

"கை நீட்டி வாங்கினதை எப்படிங்க தூக்கிப் போடுறது?" என்பாள் அசில்கான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். அவளுக்கு ஏன் அப்படி என்று அனார்பாய்க்குத் தெரியும். அவனும் கூடவே இருந்தவன்தானே.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் சாரி-பெல் என்ற மலைச்சரிவுக் குடியிருப்பில் இருந்தார்கள். மொத்தம் பதினேழு வீடுகள். அந்த ஏப்ரலில் பத்து நாள் விடாமல் மழை. பதினோராம் நாள் வெயில் அடித்தது. அன்றைக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு கல்யாணம். குடியிருப்பே திரண்டு கல்யாணத்துக்குப் போயிருந்தது. திரும்பி வந்தபோது மலையின் ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டிருந்தது. அசில்கான் வீடு இருந்த இடத்தில் புகைபோக்கியின் நுனி மட்டும் ஒரு முழம் சேற்றுக்கு மேலே நின்றது. எட்டு ஆடு, ஒரு பசு, கம்பளங்கள், பெட்டி, படுக்கை எல்லாம் மண்ணுக்குள். மனிதர்கள் ஒருவர்கூடப் போகவில்லை. "கல்யாணத்துக்குத் தேதி குறிச்சவர் வாயில சர்க்கரை போடணும்" என்று அன்றைக்குச் சேற்றில் நின்றபடியே அனார்பாய் சொன்னான். சொல்லிவிட்டு அழுதான்.

கல்யாண வீட்டில் விருந்து மிச்சத்தை மூட்டையாகக் கட்டிக் கொடுத்திருந்தார்கள், அதைத்தான் பள்ளிக்கூடக் கூடத்தில் தங்கியிருந்த இரண்டு நாளும் மூவரும் சாப்பிட்டார்கள். அவன், அவள், பதினாறு வயது மகள் புருல். மூன்றாம் நாள் நகரத்தில் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த இந்த வீட்டின் சாவியைக் கொடுத்தார்கள். சுரங்கம் நன்றாக நடந்த காலத்தில் யாரோ குடியிருந்து, பிறகு ஊரை விட்டே போய்விட்ட வீடு. கதவைத் திறந்தால் நாலு சுவரும் ஒரு குழாயும். உட்கார ஒரு பலகைகூட இல்லை. அனார்பாய் சுவரில் சாய்ந்தான். கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்ட பட்டுச் சட்டையோடு அசில்கான் நடு அறையில் நின்றாள்.

அரைமணி நேரம் ஆகியிருக்காது, கதவு தட்டப்பட்டது.

முதலில் வந்தவள் எதிர்வீட்டு ரசிமா. தாத்தார்க்காரி, சுரங்கத்தில் மின்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவள், குரல் நாலு மாடிக்குக் கேட்கும். தலைக்கு மேலே உயரமாகக் கம்பளி மெத்தைகளைச் சுமந்து வந்து பொத்தென்று போட்டாள். பிறகு ஒருவன் வந்து, தானே கொண்டுவந்த ஸ்டூலைப் போட்டு ஏறி ஒரு பல்பை மாட்டிவிட்டுப் போனான். இரண்டாம் மாடிப் பெண் சட்டி கொண்டுவந்தாள். யார் யாரோ கிண்ணம், கரண்டி, வாளி, கத்தி கொண்டுவந்தார்கள். கடைசியாகத் தரைத்தளத்தில் செருப்புத் தைக்கும் துர்குனாலி, இன்னோர் ஆளைப் பிடித்துக்கொண்டு ஓர் இரும்புக் கட்டிலைத் தூக்கி வந்தார். பூட்டி நிறுத்தி, உள்ளங்கையால் நாலு இடத்தில் அழுத்திப் பார்த்தார். "எனக்குப் புதுசு வாங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அசில்கானுக்கு வாய் திறக்கவில்லை. நன்றி என்று ஒரு சொல் சொல்ல முடியவில்லை. வந்தவர்கள் நீட்டியதையெல்லாம் இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொள்ள மட்டும்தான் தெரிந்தது. அன்று அவள் மனத்துக்குள் ஒன்று தீர்மானமாயிற்று: இந்த ஊரில் யார் எதைக் கொடுத்தாலும் இனி நான் மறுக்கக் கூடாது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாவு, உப்பு, தேயிலை, எண்ணெய், சோப்பு தவிர எதையும் காசு கொடுத்து வாங்கியதாக நினைவில்லை. அசில்கான் பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவப் போனாள். வந்த சாமானில் உடைந்ததை அனார்பாய் ஒட்டினான், முறிந்ததைப் பற்றவைத்தான். வந்த மேலங்கிகளை அவள் பிரித்து, வெளுத்த பக்கத்தை உள்ளே தள்ளி, புருலுக்குத் தைத்தாள். அப்படித் தைத்த நீல அங்கியைப் போட்டுக்கொண்டுதான் புருல் ஓஷ் நகரத்துக்குத் தாதிப் படிப்புக்குப் போனாள். வீட்டுச் சாமானுக்குப் போகாத காசெல்லாம் அந்தப் படிப்புக்குப் போயிற்று. அதை நினைக்கும்போதெல்லாம் அசில்கானுக்கு இந்த ஏழு இஸ்திரிப் பெட்டிகள் மேலும் ஒரு பாசம் வரும்.

இப்படி இருக்கையில்தான் புருலிடமிருந்து தொலைபேசி வந்தது. மிர்லான் என்ற பையன். ஜலால்-அபாத். இருவருக்கும் பிடித்துப் போயிற்று. பையனுடைய அம்மா, அத்தை, மாமன் எல்லோருமாக அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண்ணுக்குத் தோடு போட வருகிறார்கள்.

"எத்தனை பேரும்மா?" என்றாள் அசில்கான்.

"பன்னெண்டு பேர் வருவாங்களாம்."

பக்கத்தில் காதை ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்த அனார்பாய் அறையைச் சுற்றிலும் பார்த்தான். "பன்னெண்டா? மாட்டி வைக்க ஆணி அடிக்கணுமா?"

"அப்பா, விளையாடாதீங்க" என்றது தொலைபேசி. "அம்மா, எனக்கு நம்ம வீட்டைப் பத்தி வெக்கம் எல்லாம் ஒண்ணும் இல்ல. மிர்லான்கிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன். ஆனா வர்றவங்க உட்காரணும்லம்மா."

உட்காரத்தான் வேண்டும். தோடு போடும் நாளில் விரிப்பு விரித்து, ரொட்டியும் பலகாரமும் பரப்பி, சம்பந்திகளைக் கௌரவமான மேலிடத்தில் உட்காரவைத்து உபசரிக்க வேண்டும். அந்த வீட்டில் ஒரு துண்டு விரிக்க இடமில்லை.

அன்று பூராவும் யோசித்துவிட்டு அசில்கான் ஒரு வழி கண்டுபிடித்தாள். தூக்கிப் போட மனம் வராது. ஆனால் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுக்கலாமே! "இத்தனை நாள் உங்க புண்ணியத்துல புழங்கினோம்" என்று ஒரு சொல்லோடு. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது அவர்களிடம் வழக்கமில்லை. அதனால் மாவு பிசைந்து, உருட்டி, எண்ணெயில் பொரித்து ஒரு கூடை நிறைய போர்சோக் செய்தாள். மெத்தை உறைகளைத் துவைத்துக் காயவைத்தாள். சனிக்கிழமை காலை, நாலு மெத்தையும் அதன்மேல் பொட்டலமுமாக ரசிமா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த ரசிமாவுக்கு முகம் மாறியது.

"என்ன தாயி இது?"

"உங்க மெத்தைதாங்கக்கா. மண்ணுக்குள்ள இருந்து வந்தவங்களுக்கு முதல்ல சூடு குடுத்தது இதுதான். நாங்க உசிரோட இருக்கிறவரைக்கும் மறக்க மாட்டோம். இப்ப எங்களுக்கு..."

"ஐயோ, திரும்பக் கொண்டாந்துட்டியா!" ரசிமா கதவைப் பாதி சாத்தி, இடைவெளியில் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டாள். "இதை வீட்டை விட்டு வெளியேத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அலமாரி பூரா அடைச்சுக்கிட்டு, பூச்சி வேற. என் மக குப்பைல போடு போடுன்னு மூணு மாசமா கத்தினா. போடவும் மனசு வரல. அன்னிக்குப் பார்த்து நீங்க வந்து சேர்ந்தீங்க. ஆண்டவன் என் அலமாரிக்காகவே உங்களை அனுப்பினான்னு நெனைச்சேன்!"

ரசிமா சிரித்தாள். அவளுக்கு ஒளித்துப் பேசத் தெரியாது. போர்சோக் பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, "இது இருக்கட்டும். அதை எடுத்துட்டுப் போ தாயி" என்று கதவைச் சாத்தினாள்.

நான்காம் மாடியில் பூகோள உருண்டையைக் கொடுத்த வாத்தியார், "நான் வீட்டில் இல்லை" என்று உள்ளேயிருந்தே சொன்னார். இரண்டாம் மாடிக்காரி சட்டியைப் பார்த்ததும், "அதுக்கு மூடி தொலைஞ்சுதான் உனக்குக் குடுத்தேன், இப்ப மூடி இல்லாத சட்டிய வெச்சு நான் என்ன பண்ணுவேன்?" என்றாள். சறுக்குக் கட்டைக்காரர் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். எட்டுக் கதவு தட்டி எட்டுக் கதவிலும் போர்சோக் மட்டும்தான் குறைந்தது. போதாததற்கு, கட்டடத்தின் அடுத்த படிக்கட்டுப் பக்கம் குடியிருக்கும் ஒருத்தி, "நல்லவேளை நீயே வந்துட்ட" என்று ஒரு பழைய விளக்குக் கூண்டையும் அவள் தலையில் கட்டிவிட்டாள். அதையும் வாங்கிக்கொண்டுதான் அசில்கான் திரும்பி வந்தாள்.

வீட்டுக்கு வந்து, சாமானை இறக்கிவைத்துவிட்டு, இரும்புக் கட்டிலில் உட்கார்ந்தாள். பணிமனையிலிருந்து வந்த அனார்பாய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

"யாரு என்ன சொன்னா?"

"யாரும் எதுவும் சொல்லல" என்றாள் அவள். "எல்லாமே வேண்டாததுதானாங்க. குப்பைக்குப் போக வேண்டியது. நான் என்னமோ அவங்க நெஞ்சைப் பிச்சுக் குடுத்த மாதிரி நாலு வருஷமா ஒவ்வொண்ணையும் தொடைச்சு வெச்சேன். எத்தனை பேர் சிரிச்சிருப்பாங்களோ."

அனார்பாய் அவளுக்குப் பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தான். அவன் நிறையப் பேசுகிறவன் அல்ல, கேலி பேசும்போது தவிர.

"அந்த மெத்தை சூடா இருந்துதா இல்லையா?"

"எந்த மெத்தை?"

"ரசிமா அக்கா மெத்தை. அந்த முதல் நாளு. புருல் நடுங்கிட்டே இருந்தாளே. அதைப் போத்தினதும் நடுக்கம் நின்னுச்சா இல்லையா?"

"நின்னுச்சு."

"அப்ப அது அவங்க அலமாரியில என்னவா இருந்தா நமக்கென்ன? அவங்களுக்குக் குப்பை. நமக்குப் படுக்கை. ரெண்டு பேருக்கும் நல்லதாப் போச்சு. இதுல யாரு யாரைப் பார்த்துச் சிரிக்கிறது? மத்தவங்கல்லாம் மூணாவது மாடி ஏறித் தூக்கிட்டு வந்தாங்கல்ல? குப்பைத்தொட்டி கீழேதானே இருக்கு. அங்க போட்டிருந்தா அவங்களுக்கு முதுகு வலியாவது இல்லாம போயிருக்கும்."

அசில்கானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முழுச் சிரிப்பு அல்ல, பாதி. அந்தச் சிரிப்போடே அவள் கை கட்டில் சட்டத்தைத் தடவியது.

"துர்குனாலி அண்ணன் மட்டும் பாக்கி. இதுவும் வேண்டாததுதானான்னு கேட்டுட்டு வந்துடறேன். தெரிஞ்சுக்கிட்டா இதையும் ஒரு வழி பண்ணிடலாம்."

துர்குனாலிக்கு அறுபத்தெட்டு வயது. மனைவி போய்ப் பல வருஷமாகிறது. தரைத்தளத்தில் அவர் வீட்டு வாசலிலேயே ஒரு மேசை போட்டுச் செருப்புத் தைப்பார். செருப்பைக் கொடுப்பதும் வாங்குவதும் அந்த மேசையோடு சரி. அதைத் தாண்டி உள்ளே யாரும் போவதில்லை. அன்றைக்கு அசில்கான் போனபோது அவர் உள்ளே இருந்தார். "அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு அறைக்குள் காலை வைத்துவிட்டாள்.

சுத்தமான அறை. ஓர் ஆணியில் ஒரு தொப்பி, ஒரு மேலங்கி. சன்னலில் வானொலிப் பெட்டி. சுவரோரமாகத் தரையில் இரண்டு பலகை, அதன்மேல் ஆட்டுத்தோல், அதன்மேல் மடித்த போர்வையும் ஒரு தலையணையும். வேறு படுக்கை அந்த அறையில் இல்லை.

அசில்கான் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தேநீர்க் கிண்ணத்தோடு சமையல் மூலையிலிருந்து வந்தார்.

"எங்கண்ணே உங்க கட்டில்?"

"எந்தக் கட்டில்?"

"நீங்க படுக்கிற கட்டில்."

"அதான் உன் வீட்டுல இருக்கே." சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோமே என்று அவருக்குப் பட்டது. எதையோ தேடுகிறவர்போல ஆணி டப்பாவைக் கிளற ஆரம்பித்தார்.

"புதுசு வாங்கிட்டேன்னு சொன்னீங்களேண்ணே!"

"வாங்கணும்னுதான் இருந்தேன். அப்புறம் முதுகு தரைக்குப் பழகிடுச்சு. தரை நல்லதுன்னு டாக்டருங்களே சொல்றாங்க."

"எந்த டாக்டரு?"

"வானொலியில."

"நாலு குளிர்காலமா தரையிலயா படுத்தீங்க?"

துர்குனாலி டப்பாவை மூடினார். "அதை விடும்மா. அன்னிக்கு நான் சும்மா எட்டிப் பார்க்கத்தான் மேல வந்தேன். உன் புருஷன் சுவத்துல சாஞ்சு, நின்ன வாக்குலயே தூங்கிட்டிருந்தான். சட்டையெல்லாம் சேறு. அதைப் பார்த்துட்டு வந்து நான் எப்படிக் கட்டில்ல ஏறிப் படுக்கிறது? நீயே சொல்லு."

அசில்கான் தலைத்துணியில் முகத்தை மூடிக்கொண்டு அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அன்றைக்குக் காலையிலிருந்து தேங்கியிருந்தது எல்லாமும் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் வராததும் சேர்ந்து வந்தது. துர்குனாலி செய்வதறியாமல் தேநீரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, தைக்காத ஒரு செருப்பை எடுத்துத் தைக்கத் தொடங்கினார்.

ஒரு மணி நேரத்தில் கட்டில் படியிறங்கியது. தலைமாட்டை அனார்பாயும் கால்மாட்டை அசில்கானும் பிடித்துக்கொண்டார்கள். முதல் மாடித் திருப்பத்தில் வரும்போது, கையில் ஊசியோடு துர்குனாலி குறுக்கே வந்து நின்றார்.

"மேல கொண்டு போங்க. குடுத்ததைத் திருப்பி வாங்கினா என்னை மனுஷன்னு சொல்லுவாங்களா?"

"நாங்க திருப்பிக் குடுக்கலண்ணே" என்றான் அனார்பாய். "புதுசாக் குடுக்கிறோம். இது எங்க கட்டில். ரெண்டு கால் நான் பத்தவெச்சது. வேணும்னா பாருங்க."

"எனக்கு வேண்டாம்."

"எங்களுக்கும் வேண்டாம். அப்ப இங்கேயே கிடக்கட்டும்."

கட்டில் படியின் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. மேலே போகிறவர்கள் அதன் அடியில் குனிந்தும், கீழே வருகிறவர்கள் மேலே ஏறியும் போனார்கள். கடைத்தெருவிலிருந்து இரண்டு பையோடு வந்த ரசிமா கீழே நின்று சத்தம் போட்டாள்.

"என்ன பஞ்சாயத்து இது? உருளைக்கிழங்கைச் சுமந்துக்கிட்டு நான் எவ்வளவு நேரம் நிக்கிறது?"

அசில்கான் நடந்ததைச் சொன்னாள். கேட்டு முடித்த ரசிமா பையைக் கீழே வைத்துவிட்டுத் துர்குனாலியைப் பார்த்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை இவங்க வீட்டுக்குச் சம்பந்தி வர்றாங்க. இவளுக்கு அப்பன் இல்ல, அண்ணன் தம்பி மலையில ஆட்டோட கிடக்காங்க. மேலிடத்துல உட்கார ஒரு பெரியவர் வேணும். நீதான் உட்காரணும். நீ என்னடான்னா தரையில படுத்துப் படுத்து, எழுந்திரிக்கவே கால்மணி நேரம் ஆக்கற. சம்பந்திங்க முன்னால கையைப் பிடிச்சுத் தூக்கிவிடணுமா உன்னை?"

துர்குனாலி தாடியைச் சொறிந்தார். "நானா உட்காரணும்?"

"நீங்கதாண்ணே" என்றாள் அசில்கான்.

அவர் ஊசியைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, கட்டிலின் நடுச்சட்டத்தைத் தாமும் பிடித்தார். கட்டில் நகர்ந்தது.

அதற்குப் பிறகு மற்றதெல்லாம் எளிதாகிவிட்டது. மறுநாள் ஞாயிறு. முற்றத்துப் பாப்ளார் மரங்களுக்கு அடியில் அனார்பாய் ஒரு பழைய கம்பளத்தை விரித்தான். வீட்டிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. யார் கொடுத்தது என்று யாரும் சொல்லக் கூடாது, யாருக்கு எது வேண்டுமோ எடுத்துப் போகலாம், இவ்வளவுதான் ஏற்பாடு. கூவி அழைக்கும் வேலையை ரசிமா தானாகவே எடுத்துக்கொண்டாள். மின்தூக்கி மணியோடு நாற்பது வருஷம் போட்டி போட்ட குரல் அல்லவா, ஆற்றின் அக்கரையிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள்.

மாணவர் விடுதிப் பெண்கள் இஸ்திரிப் பெட்டிகளை எடுத்துக்கொண்டார்கள். பேருந்து நடத்துநர் பெண் ஒருத்தி, வயிறு முன்னே தள்ள நடந்து வந்து, குழந்தை வண்டியை முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்தாள். "நிஜமாவே எடுத்துக்கலாமாக்கா?" என்று மூன்று தடவை கேட்டாள். எட்டாம் எண் கட்டடத்துக் கிழவர் ஒருவர் தம் வீட்டிலிருந்து ஒரு மூடியோடு வந்து பதினொரு சட்டியில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்பதாவதில் அது பொருந்தி உட்கார்ந்தது. அவர் அதை ஒரு வெற்றிக் கோப்பைபோலத் தூக்கிக்கொண்டு போனார். பூகோள உருண்டையைக் கொடுத்த வாத்தியாரே வந்து சறுக்குக் கட்டைகளை எடுத்துக்கொண்டார். ரசிமா யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ஒரு திரைச்சீலையைத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். அது ஒரு காலத்தில் தன்னுடையதேதான் என்பது அவளுக்கு வீட்டில் போய் மாட்டிய பிறகுதான் தெரிந்தது.

நடுவே ஒருத்தி புதிதாக ஒரு கடிகாரத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். "ஓடாது, ஆனா அழகா இருக்கும். வெச்சுக்கோ அசில்கான்."

அசில்கான் கை நீளப் போயிற்று. பிறகு அதே கையால் அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டாள். "எனக்கு வேண்டாங்க. என்னை நெனைச்சு எடுத்துட்டு வந்தீங்களே, அதுவே நெறைஞ்சுபோச்சு. கம்பளத்துல வையுங்க, யாராவது ஆசைப்பட்டு எடுத்துக்குவாங்க."

வானம் இடிந்து விழவில்லை. அந்தப் பெண் கடிகாரத்தைக் கம்பளத்தில் வைத்துவிட்டு, தான் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

சாயந்திரம் அனார்பாய் பால்கனிக் கதவைத் திறந்தான். துருப்பிடித்த கீல் ஒரு கூச்சல் போட்டுவிட்டுத் திறந்துகொண்டது. எதிரே நாரின் ஆறு பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. "அட, இதை மறந்தே போயிட்டோமே" என்றான் அவன். இருவரும் அங்கேயே நின்று தேநீர் குடித்தார்கள். படுக்க ரசிமாவின் மெத்தைகளை விரித்தபோது, அறைக்குள் தன் காலடிச் சத்தம் தனக்கே கேட்பது அசில்கானுக்கு வினோதமாக இருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்திகள் வந்தார்கள். சொன்னபடி பன்னிரண்டு பேர். பையனின் அம்மா ஜிபார் ஜலால்-அபாத் சந்தையில் துணிக்கடை வைத்திருப்பவள். வெல்வெட் மேலங்கியும் நிமிர்ந்த கழுத்துமாக, எதையும் ஒரு பார்வையில் எடை போடுகிறவள். மேலிடத்தில் துர்குனாலி, வெள்ளைத் தொப்பியும் புதிதாகத் தைத்த காலணியுமாக உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ரசிமா. விரிப்பில் ரொட்டி, போர்சோக், உலர்ந்த பழம், தேன், அனார்பாய் தானே கிண்டிய புலாவ். ஜிபார் புருலின் காதில் தோடுகளை மாட்டி, நெற்றியில் முத்தமிட்டாள். புருல் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

தேநீர் ஊற்றும்போதுதான் அசில்கான் கிண்ணங்களைக் கவனித்தாள். இருந்த கிண்ணங்களில் எதுவும் இன்னொன்றைப்போல இல்லை. நீலம் ஒன்று, பருத்திப்பூ போட்டது ஒன்று, பொன்விளிம்பு தேய்ந்தது ஒன்று, பிடிக்கக் காது வைத்தது ஒன்று.

ஜிபார் தன் கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அடுத்தவர் கையில் இருப்பதைப் பார்த்தாள். "ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசா இருக்கே?"

ரசிமா வாயைத் திறக்கப் போனாள். அசில்கான் முந்திக்கொண்டாள்.

"நாங்க ஒண்ணுமில்லாம வந்து நின்னப்ப குடுத்ததுங்க. ஒவ்வொண்ணும் ஒரு வீட்டுல இருந்து வந்தது. உங்க கையில இருக்கிறது ரெண்டாம் மாடிப் பொண்ணு குடுத்தது. அத்தைக்கு வெச்சிருக்கிறது பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுது. மாமா குடிக்கிறது ரசிமா அக்காவோடது. அந்தக் காது வெச்சது எங்க பல்பை மாட்டிவிட்ட தம்பியோடது. அவன் இப்ப சைபீரியாவில இருக்கான், நல்லா இருக்கட்டும்." ஒவ்வொன்றாக விரலால் காட்டிச் சொல்லிக்கொண்டே போனாள். நாலு வருஷத்தில் ஒரு பெயரும் தப்பவில்லை. வாய் அடைத்துப்போய் அன்றைக்குச் சொல்லாமல் விட்ட நன்றியெல்லாம் இன்று சம்பந்திகளுக்கு முன்னால் வரிசையாக வந்தது. துர்குனாலி ரொட்டியைப் பார்த்தபடி இருந்தார்.

ஜிபார் ஒரு வாய் குடித்தாள்.

"நான் கல்யாணமாகி வந்தப்போ என் மாமியா ஆறு கிண்ணம் வெச்சிருந்தா. ஆறும் ஒரே அச்சு. அதுல ஒண்ணை நான் உடைச்சேன். ஜோடி போச்சு ஜோடி போச்சுன்னு அவ சாகிறவரைக்கும் என்னைத் திட்டினா." சுற்றிலும் பார்த்தாள். "இதுல எது உடைஞ்சாலும் யாரும் யாரையும் திட்ட முடியாது. என் மகன் வீட்டுக்கும் இப்படித்தான் வாங்கணும்."

முதலில் சிரித்தது ரசிமா. அந்தச் சிரிப்பு நாலு மாடிக்கும் கேட்டிருக்கும்.

புறப்படும் நேரம் வந்தது. வாழ்த்துப் பிரார்த்தனைக்காக எல்லோரும் கைகளை விரித்தார்கள். துர்குனாலிக்கு நீளமாக வாழ்த்தத் தெரியாது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பிள்ளைங்க நல்லா இருக்கட்டும். ஒருத்தரை ஒருத்தர் செருப்பு கடிக்கிற மாதிரி கடிக்காம இருக்கட்டும். ஆமீன்." எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

வாசலில் காலணி போட்டுக்கொண்ட ஜிபார் திரும்பி நின்றாள். "சம்பந்தியம்மா, தப்பா நெனைக்கக் கூடாது. ஒண்ணு கேட்டா குடுப்பீங்களா? நான் குடிச்ச அந்தக் கிண்ணம் வேணும். நல்ல வீட்டுல இருந்து ஒரு சாமான் எடுத்துட்டுப் போனா எங்க வீட்டுக்கும் நல்லது வரும்பாங்க."

தன் வீட்டிலிருந்து ஒருவர் ஒன்றை ஆசைப்பட்டுக் கேட்பது அசில்கானுக்கு இதுதான் முதல் தடவை. உள்ளே ஓடினாள். கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, விளிம்பு வரை உலர்ந்த பழத்தையும் சர்க்கரைக் கட்டியையும் நிரப்பி, துணியில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். ஜிபார் அதை மேலங்கிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு படியிறங்கினாள். கீழே வண்டி புறப்படும் சத்தம் கேட்டது.

அனார்பாய் விரிப்பில் மிச்சமிருந்த கிண்ணங்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கொறையுது. கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு சொன்னாங்க?"

"நாப்பது."

"நாப்பது பேருக்குக் கிண்ணத்துக்கு எங்க போறது?"

அசில்கான் பதில் சொல்வதற்குள் எதிர்வீட்டிலிருந்து ரசிமாவின் குரல் வந்தது. இரண்டு கதவும் திறந்தே இருந்தன.

"ஏன், இந்தக் கட்டடத்துல நாப்பது கிண்ணம் இல்லையா? வந்து எடுத்துட்டுப் போங்க. ஆனா இந்தத் தடவை திருப்பிக் கொண்டாந்துடணும், சொல்லிட்டேன்!"